உங்கள் மகிழுந்தின் வைப்பரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?



வழக்கமாகக் கட்டுரைப் பயிற்சி, இலக்கணம் என்று எழுதும் நான் இன்று மகிழுந்தின் கண்ணாடித் துடைப்பானைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், காலை மணி 6.45. பத்து பெரண்டாமிலுள்ள வீட்டிலிருந்து பள்ளிக்குப் புறப்பட்டேன். பின்னிருக்கையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர். இன்னும் விடியவில்லை. திடீரெனக் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வரும் இந்தப் புயல்மழைக்குச் ‘சுமத்ரா’ என்றே பெயர். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் அது பெய்யும் நேரமோ நாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு விரையும் நேரம்.

வைப்பரை வேகமாக இயக்கினேன். ‘கிரீச் கிரீச்’ என்று அது கண்ணாடியின்மேல் குதித்ததே தவிர, நீரைத் துடைக்கவில்லை. என் கண்ணுக்கு நேரே ஒரு பட்டை முழுவதும் பால் பூசியதுபோல் மங்கிக் கிடந்தது. எதிரே வந்த விளக்கொளி அதில் பட்டுச் சிதறியது.

“ஐயா, ஆளு!” என்று பின்னாலிருந்த சிறுமி கத்தினாள்.

அழுத்திய பிரேக்கில் வண்டி சறுக்கி நின்றது. ஒரே குடையின்கீழ் ஒரு தாயும் சிறுவனும் சாலையைப் பாதி கடந்திருந்தார்கள். அவர்களுக்கும் வண்டிக்கும் இடையே ஓர் ஆள் நீளம் இருந்தால் அதிகம். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. மகனை இழுத்து அணைத்துக்கொண்டு விரைந்து போனார். சிறுவன் அணிந்திருந்தது எங்கள் பள்ளிச் சீருடை.

“என்ன மழை, என்ன மழை!” என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டேன். ஆனால் மழையின்மேல் பழி போடுவது எவ்வளவு எளிது! அந்தக் ‘கிரீச்’ ஒலியை நான் இரண்டு மாதங்களாகக் கேட்டு வந்தேன். ‘அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போட்டவன் நான்தான். வகுப்பில் ‘வருமுன் காத்தல்’ என்று கட்டுரை எழுதச் சொல்பவனும் நான்தான்.

அன்று மாலை என் தந்தையார் வைப்பர்க் கையைத் தூக்கி, இரப்பரின் விளிம்பைக் கட்டை விரலால் மெல்லத் தடவினார். முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். ஒவ்வொரு மாலையும் உளியைத் தீட்டி, அதன் கூர்மையை இப்படித்தான் விரலால் பார்ப்பார். காலையில் மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. அன்றைய கூலியும் இல்லை. ஆகவே, வேலை கிடைக்கும் நாளில் உளி மழுங்கியிருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

“ரப்பரு செத்துப் போச்சுப்பா. கல்லு மாதிரி இருக்கு” என்றார்.

இரப்பர் எப்படிச் ‘சாகிறது’? வைப்பர்ப் பட்டையின் விளிம்பு கூராக வெட்டப்பட்டது. கை ஒரு பக்கம் நகரும்போது விளிம்பு மறுபக்கம் சாய்ந்து, அதன் மூலை மட்டும் கண்ணாடியைத் தொட்டு நீரை வழிக்கிறது. திரும்பும்போது விளிம்பும் புரண்டு படுக்க வேண்டும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் இரப்பரை நாளடைவில் இறுகச் செய்து வெடிக்க வைக்கின்றன. இறுகியது புரளாது, குதிக்கும். நம் ஊர் வெயிலில் நாளெல்லாம் நிற்கும் வண்டிக்கு மழையைவிட வெயில்தான் பகை!

மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டத்தைத் தான் சே யான் 1896இல் தொடங்கியது நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். பின்னர் நம்மவர் எத்தனையோ பேர் உழைத்து வாழ்ந்த மரம் அது. அந்த இரப்பரின் குணத்தை என் தந்தையின் விரல் அறிந்திருந்தது. படித்த நான் அறியவில்லை.

1903இல் அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, உள்ளிருந்தே கையால் இயக்கும் துடைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். பனிமழையில் எதிரே பார்க்க முடியாமல் தவித்த டிராம் ஓட்டுநரைக் கண்டதே அவரது தூண்டுதல். அவருக்கு அதனால் வருமானம் ஏதும் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. மாணவர்களுக்குச் சொல்லலாம்.

இனி, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், ஈரத்துணியால் இரப்பரின் விளிம்பைக் கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். பிறகு விரலால் தடவுங்கள். வெடிப்பு, கிழிசல், இறுக்கம் ஆகியவை தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். தூக்கிய கையை விட்டுவிடாதீர்கள். அது அறைந்தால் கண்ணாடியே விரிசல் விடக்கூடும். கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்வது நல்லது.

அடுத்து, நீரைத் தெளித்து இயக்கிப் பாருங்கள். மெல்லிய கோடுகள் விழுந்தால் விளிம்பில் அழுக்கோ கிழிசலோ இருக்கிறது. குதித்தால் இரப்பர் இறுகியிருக்கலாம், அல்லது கண்ணாடியில் மெழுகோ எண்ணெயோ படிந்திருக்கலாம். அகலமான பட்டை துடைபடாமல் நின்றால், கை போதிய அழுத்தம் தரவில்லை என்று பொருள், பட்டறையில் காட்டுங்கள்.

காய்ந்த கண்ணாடியில் ஒருபோதும் இயக்காதீர்கள். புகைமூட்டக் காலத்தில் படியும் தூசு கண்ணாடியைக் கீறிவிடும். தெளிப்பு நீர்த் தொட்டியை நிரப்பி வையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். இரப்பரில் பெட்ரோலோ தின்னரோ படக்கூடாது. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் இரண்டு பட்டைகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இரண்டின் நீளமும் பெரும்பாலும் வேறுபடும். அளந்து குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

பள்ளி வாயிலில் காலைக் கடமையில் நிற்கும்போது இப்போது என் கண் முதலில் வண்டிகளின் கண்ணாடிக்குத்தான் போகிறது. மழை நாளில் எத்தனை பெற்றோர் கழுத்தை நீட்டி, மங்கிய கண்ணாடியின் ஓரத்து இடுக்கு வழியே பார்த்துக்கொண்டு வருகிறார்கள்! அந்த வாயிலைக் கடந்து ஓடுபவர்கள் நம் பிள்ளைகளே.

குடையின்கீழ் வந்த சிறுவன் இரண்டாம் ஆண்டு மாணவன். தினமும் “வணக்கம் ஐயா” என்பான். அன்று அந்த வண்டியை ஓட்டியது யார் என்று அவனுக்குத் தெரியாது. அவன் தாயாரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைங்க ஐயா, மழைதானே” என்றார். மழையன்று, நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, இரண்டு நிமிடம் போதும். நாளையே உங்கள் விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள்.