பன்னிரண்டு இரவுகள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், லேத்துப் பட்டறைகளின் ஓசை அடங்கிய பின், ஜன்னலே இல்லாத ஒரு கட்டடத்துக்குள் இரவு பதினொரு மணிக்கு என்னை அழைத்துச் சென்ற பொறியாளர், கதவருகே நின்று, "உள்ளே எதையும் தொட வேண்டாம் சார், பார்த்துக்கொண்டிருங்கள், போதும்" என்றார். ஒரு மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகளும் ஸ்கேன் படங்களும் குடியிருந்த ஸ்டோரேஜ் பெட்டி அங்கே நிரம்பும் தறுவாயில் இருந்தது. அதிலுள்ள பன்னிரண்டு 4 டெராபைட் டிஸ்குகளையும் எடுத்துவிட்டு 16 டெராபைட் டிஸ்குகளை வைக்க வேண்டும். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இரவும் பகலும் ஒன்றே ஆகையால், பெட்டியை ஒரு க்ஷணமும் நிறுத்தலாகாது.

இது எவ்விதம் சாத்தியம் என்று கேட்டேன். "பத்துப் பேர் போட்ட பணத்தில் ஒருவர் கொடுத்த தொகை மட்டும் மறந்துபோயிற்று, மொத்தம் தெரியும். கண்டுபிடித்துவிட மாட்டோமா?" என்றார். 1988-இல் பெர்க்லியில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையால் ரெய்டு என்று பெயர் பெற்ற முறையின் சாரம் அதுதான். இந்தப் பெட்டியிலோ அத்தகைய கணக்குகள் இரண்டு, எல்லா டிஸ்குகளிலும் பரவியிருப்பதால், ஏககாலத்தில் இரண்டு டிஸ்குகள் பழுதானாலும் தகவல் அழியாது.

கணக்கு காப்பாற்றும் என்பதற்காக அவர் கையின் சிரத்தையைக் குறைத்துக்கொள்ளவில்லை. பேக்கப்பைத் திறந்து சில கோப்புகளை மீட்டுப் பார்த்து, எல்லா டிஸ்குகளையும் ஒருமுறை முழுதாகப் படிக்கச் செய்து, எடுக்க வேண்டிய டிஸ்கின் விளக்கைச் சிமிட்டவைத்து, அதன் எண்ணை இளம் உதவியாளர் உரக்கப் படிக்க, தாம் மறுபடி படித்துச் சரிபார்த்த பின்னரே கைப்பிடியைத் தளர்த்தினார். சிறிதளவு இழுத்து, அப்படியே நிறுத்தினார். உள்ளே நிமிஷத்துக்கு 7,200 முறை சுழன்ற தட்டு ஓய வேண்டும் என்று அவர் உதடுகள் முப்பது வரை எண்ணின. பிறகு பழையது வெளியே வந்தது. புதியது உள்ளே போயிற்று. பச்சை விளக்கு துடிக்கத் தொடங்கியது.

அதன்பின் காத்திருப்பு. விநாடிக்கு 150 மெகாபைட் எழுதினாலும் 4 டெராபைட்டை மீட்டெழுத ஏறக்குறைய ஏழரை மணி நேரம். மருத்துவமனையின் வேலைக்கு இடம்விட்டு எழுதுவதால் மறுநாள் மாலையாகிவிடும். ஆகவே ஓர் இரவுக்கு ஒரு டிஸ்குதான்.

மூன்றாம் இரவு, இரண்டு மணிக்கு உதவியாளர் எழுந்து வந்து, "அண்ணா, ஒன்பதாவதில் பேட் செக்டர் வருகிறது" என்றார். ஒரு டிஸ்கு இல்லாத நிலையில் இன்னொன்றும் இப்படிச் சில இடங்களைப் படிக்க முடியாமல் தடுமாறுவதுதான் இத்தொழிலின் பெரிய அபாயம். இரண்டாம் கணக்கு அந்தக் குறையை நிரப்பியது. "பயப்படாதே அம்மா, வரிசையை விட்டுவிடு, நாளைக்கு ஒன்பதைத்தான் எடுக்கிறோம்" என்றார் அவர். அவசரப்பட்டு அந்த க்ஷணமே அதைப் பிடுங்காமல், நடந்துகொண்டிருந்த மீட்டெழுதல் முடியும்வரை பொறுத்த அந்த நிதானத்தையே இத்தொழிலின் உச்சம் என்று நான் கருதுகிறேன்.

இத்தனை பிரயத்தனத்துக்கும் பதினோராம் இரவுவரை ஒரு பலனும் பிரத்தியட்சமாகத் தெரியவில்லை. பதினொன்று பெரியவை, ஒன்று சிறியது என்றால், சிறியதன் அளவே எல்லாவற்றுக்கும் அளவு. திரையில் பழைய 40 டெராபைட்டே நின்றது. கடைசி டிஸ்கும் பூர்த்தியாகி, விரிவாக்கும் ஆணையை அவர் கொடுத்த பிறகுதான் அது 160 ஆயிற்று. அந்நேரமும் மருத்துவமனையிலிருந்து படங்கள் வந்து பதிவாகிக்கொண்டே இருந்தன.

பழைய டிஸ்குகளை இருவரும் எண்ணி, பன்னிரண்டும் உள்ளன என்று கையெழுத்திட்டு, வேறொரு பெட்டியில் பூட்டினார்கள். அவற்றிலும் நோயாளிகளின் ரகசியங்கள் இருக்கின்றன. பொடியாக அரைக்கப்படும் நாள்வரை அவற்றின் காவலும் இவர்கள் பொறுப்பே.