மூன்று வெள்ளிக்கிழமைகள்



செஞ்சிக் கோட்டையைக் காண வருகிறவர்கள் இராஜகிரியின் உயரத்தை வியந்து பேசுவார்கள். அதன் அடிவாரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு வியப்பெல்லாம் மதில்களின் மீதுதான். மூன்று குன்றுகளைச் சுற்றி ஓடும் அந்த மதில்களுக்கு வெளியே மொகலாயப் படை ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்து, 1698இல்தான் கோட்டையைப் பிடித்தது. எங்கள் வீட்டுச் சுவரும் அந்தக் குலத்தைச் சேர்ந்தது என்று வாப்பா வேடிக்கையாகச் சொல்வார்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய இரண்டடிச் சுவர். சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி குறையாது. அந்தச் சுவரைப் பற்றி எங்களுக்குக் குறை ஏதும் இருந்ததில்லை, சென்ற ஆண்டு வரை.

வாப்பா வஃபாத்தான பிறகு உம்மா பின்கட்டு அறையிலேயே இருக்கிறார்கள். பார்வை மங்கிவிட்டது, விரல் நடுக்கத்தால் கைப்பேசியைக் கையாள முடிவதில்லை. அதனால் ரியாத்தில் இருக்கும் தம்பி ஒரு ஸ்மார்ட் டிஸ்பிளேயை வாங்கி அனுப்பியிருந்தான். ஜும்ஆ முடிந்ததும் அவன் அழைப்பான். அங்கே பன்னிரண்டே முக்கால் என்றால் இங்கே மூன்றேகால். திரையை ஒருமுறை தொட்டால் போதும், மகனின் முகம் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் உம்மா மூன்று மணிக்கே வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு அதன் முன் அமர்ந்துவிடுவார்கள்.

ஒரு மாதம் இணைய வேகம் அடிக்கடி குறைந்தது. அடுத்த வீட்டுப் பையன் எங்கள் வைஃபையைப் பயன்படுத்துவதாக எங்களுக்கு ஐயம். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஒரு திங்கள் இரவு கடவுச்சொல்லை மாற்றினோம். எங்கள் கைப்பேசிகளிலும் தொலைக்காட்சியிலும் புதியதை இட்டோம். பின்கட்டு அறையில் ஒன்று இருப்பது இருவருக்குமே நினைவில் வரவில்லை.

அந்தக் கருவி அணைந்து போயிருந்தால் உடனே தெரிந்திருக்கும். அது அணையவில்லை. வழக்கம்போல் மணியைக் காட்டிக்கொண்டிருந்தது. இணைப்பு இல்லை என்று மேல்மூலையில் ஆங்கிலத்தில் ஒரு சிறு வரி. உம்மாவுக்கு அது எறும்பு ஊர்வது போலத்தான் தெரிந்திருக்கும். முதல் வெள்ளி அழைப்பு வரவில்லை. இரண்டாம் வெள்ளியும் வரவில்லை. உம்மா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. மகனுக்கு வேலை அதிகம் என்று முதலில் நினைத்தார்களாம். பிறகு, பெருநாளுக்கு வரச்சொல்லி வற்புறுத்தியதில் அவனுக்குக் கோபம் என்று நினைத்தார்களாம். தம்பியோ வருவதற்கு வழியில்லாமல் போனதில் உம்மாவுக்குத்தான் கோபம் என்று எண்ணியிருக்கிறான். "உம்மா எடுக்கவில்லையே, உறக்கமா?" என்று எங்களுக்குச் செய்தி அனுப்பினான். கடையில் இருந்தபடி, "உறக்கமாகத்தான் இருக்கும்" என்று பதில் அனுப்பினோம். போய்ப் பார்க்காமலே சொன்ன சொல்.

மூன்றாம் வெள்ளி மாலை அடுத்த வீட்டுப் பையன் உம்மாவைப் பார்க்க வந்தான். பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். சிறிது நேரத்தில் எங்களிடம் வந்து, "மாமா, பாட்டிம்மா ரூம்ல நெட்டே வரல. பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா? அவங்க எனக்குக் குடுத்ததும் இப்ப வேலை செய்யல" என்றான்.

உம்மாதான் கொடுத்திருக்கிறார்கள். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, அவன் வகுப்புக் கேட்பதற்காகத் தன் நோட்டிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னார்களாம். சந்தேகங்களில் பலவற்றை விட்டு விலகியிருக்கச் சொல்லும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! அவனுக்கு என்ன பதில் சொன்னோம் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "லைன் சரியில்லை" என்றோம்.

அவனே உட்கார்ந்து சரிசெய்தான். கைப்பேசிச் செயலியில் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிய கடவுச்சொல்லோடு கருவியை மீண்டும் சேர்த்தான். படம் வந்தது, பத்து நிமிடத்தில் போனது. ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்து இயக்கி, அதன் விளக்குகள் நிலைத்த பின் டிஸ்பிளேயை இயக்கினோம். மறுபடியும் வந்தது, போனது. "உங்க போன்ல டேட்டாவ ஆஃப் பண்ணுங்க மாமா" என்றான். அணைத்ததும் அந்த அறையில் எங்கள் கைப்பேசியும் திணறியது. இத்தனை நாளும் அங்கே எங்களுக்கு இணையம் கிடைத்ததாக எண்ணியது சிம் கார்டின் தயவு. உங்கள் வீட்டில் பெரியவர்கள் அறையில் இத்தகைய கருவி இருந்தால் இந்தச் சோதனையை முதலில் செய்து பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

காரணம் சுவர்தான். எங்கள் ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் கொடுத்துக்கொண்டிருந்தது. ஐந்துக்கு வேகம் அதிகம், ஆனால் தடித்த சுவரைக் கடக்கையில் பெரிதும் நலிந்துவிடும். இரண்டரைக்கும் குறைந்த மற்றது மெதுவானது. சுவரைத் தாண்டிச் செல்வதில் அதுவே மேல். டிஸ்பிளே வேகமானதையே பற்றிக்கொண்டு அறுந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு ரவுட்டரை நாங்கள் இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தோம், பார்வைக்கு அழகாக இல்லை என்று! அதை எடுத்து நடுக்கூடத்தில் உயரமாக வைத்தான். இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, உம்மாவின் கருவியை 2.4இல் சேர்த்தான். வீடியோ அழைப்புக்கு அந்த வேகம் தாராளம்.

அவன் புறப்படும்போது உம்மா எங்களைப் பார்த்து, "புள்ளைக்குப் புது நம்பரை எழுதிக் குடுங்க" என்றார்கள். அப்போதுதான் உண்மையைச் சொன்னோம். அவன் சிரித்துவிட்டு, காலேஜில் வைஃபை இருப்பதாகவும் இங்கே பயன்படுத்தி வெகுநாளாயிற்று என்றும் சொன்னான். இணையத்தின் மந்தம் எங்கள் பிள்ளைகளின் விளையாட்டால் வந்தது என்பது அதன் பிறகு ரவுட்டரின் பட்டியலைப் பார்த்தபோது தெரிந்தது. அந்தப் பட்டியல் முன்பும் அங்கேயேதான் இருந்தது.

ரவுட்டரில் விருந்தினர் இணைப்பு என்று ஒரு வசதி உண்டு. நம் கருவிகளைத் தொடாமல், தனிப் பெயரில், தனிக் கடவுச்சொல்லில் பிறருக்கு இணையம் தரலாம். அதைத் திறந்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, அவன் தாயாரிடம் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். என்ன நடந்தது என்பதையும் சொன்னோம். அவர் தேநீர் போட்டுக் கொடுத்தார், வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி நாங்கள் கடையைச் சாத்திவிட்டு உம்மாவின் அறையில் இருந்தோம். மூன்று இருபதுக்குத் திரை ஒளிர்ந்தது. உம்மா தொட்டார்கள்.

"கோவமாடா?"

"நீங்கதான் எடுக்கலம்மா."

இருவரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் கட்டிலிலிருந்து, மற்றவர் ரியாத்திலிருந்து. அஸர் பாங்கு சொல்லும் வரை அவர்கள் பேச்சு முடியவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.