முருங்கைக்காய்க்கு விலக்கில்லை

சரவணம்பட்டியிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஸ்டுட்கார்ட் வந்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் விளைந்ததை மட்டும் வாங்குவது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. அரிசிக்கும் துவரம் பருப்புக்கும் விலக்கு உண்டு. கப்பலில் வருபவை, அவை இல்லாமல் அரிசியும் பருப்பும் சோறு ஏது? முருங்கைக்காய் விமானத்தில் பறந்து வருகிறது. அதற்கு விலக்கில்லை என்றேன்.

"கொண்டாரவும் உடமாட்டீங்க, வாங்கவும் உடமாட்டீங்களா கண்ணு?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். நெய்யை ஊரிலேயே வைத்துவிட்டு வந்தவர். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருள் கொண்டுவரத் தடை. 2019 டிசம்பரிலிருந்து காய், பழங்களுக்கும் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்தும் தப்பித்தன.

சனிக்கிழமை நகர்மன்றச் சதுக்கத்துச் சந்தையில் அம்மா கண்ணில் முதலில் பட்டது நூக்கோல். மேட்டுப்பாளையம் மண்டி வழியாக நமக்கு இறங்கும் ஊட்டிக் காய்களில் பாதி இந்தப் பக்கத்துக் காய்கள்தானே! நகத்தால் தோலை அழுத்தி, முத்தல் என்று ஒன்றை ஒதுக்கினார். இங்கே காயைத் தொட்டால் கடைக்காரர் முறைப்பார், முறைத்தார். ஆனால் வழக்கப்படி இலையைத் திருகிப் போடப் போனவரின் கையை அம்மா பிடித்து நிறுத்தியதும் சிரித்துவிட்டார். பக்கத்தில் கிடந்த இலைகளையும் அள்ளிக் கொடுத்தார், காசில்லாமல். அன்று ராத்திரி பாசிப்பயறு போட்டு இலைக் கடைசல்.

முட்டை ஓட்டில் அச்சடித்த எண்ணை அப்பாவுக்கு விளக்கினேன்: 0 இயற்கைப் பண்ணை, 1 வெளியே மேயும் கோழி, 2 கொட்டகை, 3 கூண்டு. "அப்ப நாமக்கல் முட்டைக்கு மூணுதான் போடோணும்" என்றார்.

துணி விஷயத்தில் தூரத்தை நான் பார்ப்பதில்லை. திருப்பூர் பனியனை ஒதுக்கினால் யாருக்கு லாபம்? சாயத் தண்ணீர் எங்கே போனது என்பதுதான் கேள்வி. நொய்யலுக்காக 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஆயிரம் பேராவது வேலை பார்க்கும் ஜெர்மன் நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு தரும் இடங்களில் மனித உரிமை மீறல் நடக்கிறதா என்று கவனிக்க வேண்டும் என்கிறது இங்குள்ள சட்டம். 2023-ல் பெரிய நிறுவனங்களோடு தொடங்கியது. சட்டம் என்று ஒன்று வந்ததே பெரிது.

கடைசிக் கடையில் கூம்புத் தலை முட்டைக்கோஸ். ஊருக்குத் தெற்கே ஃபில்டர் மேட்டுநிலத்துப் பயிர். விமான நிலையமும் 2007-ல் திறந்த கண்காட்சி வளாகமும் அந்த மேட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. தங்கள் காட்டிலும் ஒரு பகுதி கட்டடமாகிவிட்டது என்றார் கடைக்கார அம்மா. மொழிபெயர்த்தேன். சத்தி ரோட்டோரம் சோளக்காடு ஐ.டி. பார்க்குகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறியதைப் பார்த்த அப்பாவுக்கு வேறெதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏக்கரு என்ன வெலைக்குப் போச்சுன்னு கேளு."

இங்கே அப்படிக் கேட்பது அநாகரிகம். கேட்டேன்; சொன்னார். யூரோவை ரூபாயாக்கி, ஹெக்டேரை ஏக்கராக்கி முடித்த அப்பா, "நம்மளாட்டமே ஏமாந்திருக்காங்க. இன்னும் ரெண்டு கோசு வாங்கு" என்றார்.