மாவு அரைக்கிறது யாரு, உளுந்து தீர்றதைப் பாக்குறது யாரு?

வீட்டு வேலைக்கு அட்டவணை போடுறதுன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஒரு இளக்காரம். "இதென்ன ஆபீஸா, மேனேஜர் வேலை பாக்க?"ன்னு கேப்பாங்க. ஆனா இந்த சமாச்சாரம் ஃபேக்டரிக்கும் வீட்டுக்கும் நடுவுல ரொம்ப காலமாவே போய் வந்துக்கிட்டு இருக்குங்க. அமெரிக்காவுல ஃப்ராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத்னு ஒரு ஜோடி. தொழிலாளி கையை எப்படி அசைக்கிறார், அதுல எத்தனை அசைவை மிச்சம் பிடிக்கலாம்னு படம் பிடிச்சு ஆராய்ஞ்சவங்க. 12 பிள்ளை பெத்தவங்க. பல் தேய்ச்சாச்சா, குளிச்சாச்சா, படுக்கையைச் சரி பண்ணியாச்சான்னு பசங்களே கையெழுத்துப் போட பாத்ரூம்ல சார்ட் மாட்டி வெச்ச கதையை, அந்தப் பிள்ளைங்கள்ல ரெண்டு பேர் 1948ல புத்தகமாவே போட்டு மானத்தை வாங்கிட்டாங்க. 1924ல கணவர் இறந்த பிறகு லில்லியன் பிள்ளைங்களை வளர்த்துக்கிட்டே சமையலறை வடிவமைப்புல இறங்கினாங்க. காலால மிதிச்சா திறக்குற குப்பைத்தொட்டி இருக்கே, அது அவங்க யோசனைன்னு சொல்வாங்க.

ஆக, அட்டவணைக்கு நான் எதிரி இல்லை. ஆணி புடுங்குற பொழப்பே அட்டவணையில தான் ஓடுது. ஆனா அட்டவணையில ஏறாத ஒரு வேலை இருக்கு. அதைப் பத்தி தான் இந்தப் பதிவு.

போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன். தேதி குறிச்ச அன்னைக்கே எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஆபரேஷனை நெனைச்சு பாதி, வீட்டை நெனைச்சு பாதி. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவங்க ரெண்டு வாண்டுங்க, நான்னு ஏழு பேர். அண்ணிக்கு பேங்க் வேலை, அண்ணனுக்கு ஷிஃப்ட், எனக்கு ஓஎம்ஆர்ல குப்பை கொட்டுற வேலை. சாஃப்ட்வேர்ல "பஸ் ஃபேக்டர்"னு ஒண்ணு சொல்வோம். டீம்ல எத்தனை பேரை பஸ் அடிச்சா ப்ராஜெக்ட் படுத்துடும்ங்கிற கணக்கு. எங்க வீட்டுக்கு அது ஒண்ணு. (இந்த உதாரணத்தைச் சொன்னதுக்கு, நேரங்காலம் தெரியாத அபசகுனம்னு அண்ணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.)

மூணு வாரம் டைம் இருந்துச்சு. லாங் சைஸ் நோட்டை எடுத்துக்கிட்டு அம்மா முன்னாடி உக்காந்தேன்.

"நீ என்னென்ன வேலை செய்றேன்னு சொல்லும்மா, எழுதிக்கிறேன்."

"என்னடி பெரிய வேலை? சமையல், பசங்களைக் கிளப்புறது. அவ்ளோதான்."

அடிச்சுப் புடிச்சு 14 வந்துச்சு. அப்புறம் கேள்வியை மாத்தினேன். "நேத்து காலைல கண்ணு முழிச்சதுலேர்ந்து வரிசையா சொல்லு." ரெண்டு சாயங்காலம் ஆச்சு. மொத்தம் 63. அதுல பாதிக்கு மேல கையால செய்யற வேலையே இல்லை!

மாவு மேட்டரையே எடுத்துக்குவோம். அட்டவணையில எழுதினா ஒரே வரி: "மாவு அரைத்தல்". அரிசி நாலு மணி நேரம் ஊறணும், உளுந்துக்கு ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் போதும், அரைச்ச பிறகு பொங்கணும். மே மாசத்துச் சென்னை வெயில்ல ஆறு மணி நேரத்துல பாத்திரத்தை விட்டு வழியும், மார்கழியில ராத்திரி முழுக்க வெச்சாலும் அப்படியே முழிச்சுக்கிட்டு இருக்கும். வெள்ளிக்கிழமை காலைல இட்லி வேணும்னா இதெல்லாம் பின்னாலேர்ந்து எண்ணிக்கிட்டு வரணும். இதுவரைக்கும் சரி, நானும் படம் போட்டுடுவேன். 1950களோட கடைசியில டூபாண்ட் கம்பெனிக்காக "கிரிட்டிக்கல் பாத்"னு ஒரு முறை கண்டுபிடிச்சாங்க, எது தாமதமானா மொத்தமும் தாமதமாகும்னு பாக்குறது. இஞ்சினியரிங்ல அதை மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்தோம், ஞாபகம் இருக்கா?

ஆனா அம்மா புதன்கிழமை காலைல பேப்பர்ல பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பைப் பாக்குறாங்க. வியாழன் 9 முதல் 2 வரைக்கும் எங்க ஏரியா. வழக்கமா அரைக்கிறது மதியம் 12க்கு. உடனே மனசுக்குள்ள எல்லாம் இடம் மாறுது. அரிசி புதன் ராத்திரியே ஊறணும், உளுந்தை விடிகாலை அஞ்சரைக்குப் போடணும், 7 மணிக்கு கிரைண்டர். மோட்டாரும் 9க்குள்ள போட்டு டேங்க்கை நிரப்பிடணும். வேலைக்கு வர்ற அக்கா பத்து மணிக்கு வந்தா தண்ணி வேணுமே. டப்பாவுல உளுந்து ஒரு தடவைக்குத் தான் வரும்ங்கிறதும் அதே மூச்சுல. இவ்வளவும் காப்பி ஆத்துற நேரத்துல நடக்குது. வெளியிலேர்ந்து பாத்தா ஒரு அம்மா பேப்பர் படிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காங்க.

ஈபி மீட்டர் கதையும் இதே தான். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா கணக்கே மாறி பில் எகிறும். எங்க வீட்ல ரெண்டாவது மாசம் பாதியில ஏசி ரிமோட் காணாமப் போகும். ரொம்ப நாளா அது ஏதோ தற்செயல்னு அண்ணன் நம்பிக்கிட்டு இருந்தான் பாவம்.

இதை ஆராய்ச்சியாவே பண்ணியிருக்காங்க. அல்லிசன் டாமிங்கர்னு ஒரு சமூகவியலாளர் 2019ல எழுதின கட்டுரையில இந்த மூளை வேலையை நாலாப் பிரிக்கிறாங்க: வரப்போறதை முன்கூட்டியே உணர்றது, என்னென்ன வழி இருக்குன்னு தேடுறது, முடிவெடுக்கிறது, சரியா நடக்குதான்னு கண்ணு வெச்சுக்கிறது. முடிவெடுக்கிறப்ப மட்டும் ஆம்பளைங்க ஓரளவு கூட வர்றாங்க, முதலும் கடைசியும் பெரும்பாலும் பொம்பளைங்க தலையில தான்னு அவங்க பேட்டி கண்ட தம்பதிகள்கிட்ட தெரிஞ்சிருக்கு. நம்ம ஊர்ல மத்திய அரசு 2019ல எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்ற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவழிச்சாங்க, ஆண்கள் 97. 2024ல அதே கணக்கு 289, 88. கைக்கு ஆன நேரத்தை இப்படி எழுதிடலாம். பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே உளுந்தைப் பத்தி யோசிக்கிறதை எந்தக் கட்டத்துல எழுதுறது?

அதனால எங்க அட்டவணையில வேலையைப் பிரிக்கலை, இலாகாவைப் பிரிச்சோம். பால், தண்ணி, கேஸ் அண்ணனுக்கு. ரேஷன், ஈபி, மருந்துக்கடை அப்பாவுக்கு. ஸ்கூல் சம்பந்தப்பட்டது அண்ணிக்கு. மாவும் மளிகையும் எனக்கு. வாண்டுங்களுக்கு ஷூ, தண்ணி பாட்டில், சாப்பிட்ட தட்டு. ஒரே ஒரு சட்டம்: யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்தக் கூடாது. தீர்றதைப் பாக்குறதும் இலாகாகாரர் பொறுப்பு.

அண்ணன் தான் மொறைச்சான். "ஏய், சொன்னா செய்யப் போறேன். இதுக்கு எதுக்கு சட்டம்?" அந்த "சொன்னா செய்யப் போறேன்" தான் மக்களே மொத்தப் பிரச்சினையும். சொல்றதும் ஒரு வேலைன்னு அவன்கிட்ட அரை மணி நேரம் கத்தினேன். அவன் அசரலை.

அவனை அசைச்சது சிலிண்டர். அம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ஒம்பதாவது நாள், ராத்திரி ஏழரைக்கு அடுப்பு அணைஞ்சுது. ரெண்டு சிலிண்டர் கனெக்‌ஷன் தான், ஆனா இன்னொண்ணு காலியா மூலையில நிக்குது. அம்மாவுக்கு இண்டக்‌ஷன் அடுப்புல கஞ்சி வெச்சுக் கொடுத்துட்டு, நாங்க ஆறு பேரும் கடைப் பரோட்டா. அப்போ அம்மா படுத்தபடியே சொல்றாங்க, "நாளன்னைக்கு வரைக்கும் வரும்னு நெனைச்சேன். இட்லி அதிகமா ஊத்திட்டீங்க போல." சிலிண்டர் மாத்துற அன்னைக்கெல்லாம் காலண்டர் ஓரத்துல சின்னதா ஒரு புள்ளி வைப்பாங்களாம். எங்க வீட்டுக்கு 30 நாள். இத்தனை வருஷமா அந்தப் புள்ளி எங்க யார் கண்லயும் பட்டதில்லை.

அண்ணன் ஒண்ணும் பேசலை. பரோட்டாவை வெச்சுட்டு காலண்டரைப் பின்னாடி பின்னாடி புரட்டிப் பாத்துக்கிட்டு நின்னான். இப்போ புள்ளி வைக்கிறது அவன் தான். சிவப்பு மையில, பெருசா. ஆம்பளைப் புள்ளி!

அப்பா ஆச்சரியப்படுத்தினார். ரேஷன் கடையில பாமாயில் எப்போ வரும், எந்த நேரத்துல கூட்டம் கம்மி, கைரேகை மெஷின் மக்கர் பண்ணா என்ன செய்யணும்னு க்யூவுல ஒரு நண்பர் வட்டமே பிடிச்சுட்டார்.

ஆறாவது வாரம் அம்மா ஸ்டிக் பிடிச்சுக்கிட்டு அடுக்களைக்கு வந்தாங்க. அஞ்சறைப் பெட்டியில கடுகும் சீரகமும் இடம் மாறியிருந்ததைப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லலை. ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்த அட்டவணையை ரொம்ப நேரம் படிச்சாங்க. அப்புறம் மெதுவா, "இதுல என் பேரு எங்கடி?"ன்னு கேட்டாங்க.

எனக்குப் பதில் வரலை. சுமையை இறக்கி வெச்சுட்டோம்னு நாங்க எல்லாம் பெருமையா இருந்தோம். அவங்க முகத்துல தெரிஞ்சது வேற. நாப்பது வருஷமா ஒருத்தர் தலைக்குள்ள ஓடின வீடு, அவங்க இல்லாமலும் ஓடுதுன்னு ஒரு ஏ4 பேப்பர் சொல்லுது. அது நிம்மதியா, வலியான்னு அவங்களுக்கே பிரிக்கத் தெரிஞ்சிருக்காது. அண்ணி தான் சட்டுனு பேனாவை நீட்டினாங்க. "எந்த இலாகா வேணும் அத்தை? நீங்களே எழுதிக்கோங்க. வேணாம்னா விட்டுடுங்க."

அம்மா என் பேரை அடிச்சுட்டு மாவை எடுத்துக்கிட்டாங்க. "உன் இட்லியைத் தின்னு தான் எனக்கு இன்னும் கால் நேராகலை." மத்ததைத் தொடலை. கேஸைத் திருப்பிக் கொடுக்கலாமான்னு அண்ணன் நைசா கேட்டுப் பாத்தான், காது கேக்காத மாதிரி இருந்துட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு பக்கத்து வீட்டு மாமியோட பார்க் பெஞ்சுக்குப் போயிடறாங்க இப்பல்லாம்.

ஞாபகப்படுத்தக் கூடாதுங்கிற சட்டத்தை அம்மா இன்னும் மீறலை. ஆனா காலைல பேப்பரைப் பிரிச்சு, யார் முகத்தையும் பாக்காம, பொதுவா சத்தமா படிப்பாங்க: "வியாழக்கிழமை ஒம்பதுலேர்ந்து ரெண்டு வரைக்கும் நம்ம ஏரியாவுல கரண்ட் இருக்காதாம்." அண்ணன் பாதி தோசையில எந்திரிச்சு, வியாழக்கிழமை மோட்டாருக்காக மொபைல்ல அலாரம் வைக்கிறான்.