எட்டு லிஃப்டர்களுக்கும் சேர்த்து நன்றி

சிங்காநல்லூர் பட்டறை அண்ணாவுக்கு,

ஓப்பல் அஸ்ட்ரா நம் நாட்டுக்கு வந்தது 1996இல். ஓப்பல் இங்கே கடையைக் கட்டியே நெடுநாளாகிறது. என் அஸ்ட்ரா இன்றும் ஒழுங்காக ஓடுகிறது என்றால் அது உங்கள் கைவேலை. நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த 1.6 லிட்டர் இன்ஜினுக்கு டேப்பட் செட்டிங் கிடையாது. வால்வு இடைவெளியை எட்டு ஹைட்ராலிக் லிஃப்டர்களும் ஆயில் பிரஷரில் தாமே சரிசெய்துகொள்ளும். வண்டி சூடான பிறகும் டக் டக் சத்தம் நிற்காதபோது, மற்ற இடங்களில் கெட்டியான ஆயிலை ஊற்றி அமுக்கிவிடலாம் என்றார்கள். நீங்கள் மறுத்தீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டி ஆயில் மேலே ஏறவே நேரமாகும், அதுவரை கேம் காய்ந்து தேயும் என்றீர்கள்.

டிப்ஸ்டிக்கைத்தான் முதலில் உருவிப் பார்த்தீர்கள். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். கூடினால் கிராங்க் அதை நுரையாக அடிக்கும். ஆயில் அமுங்காது, நுரை அமுங்கிவிடும், அங்கேதான் சத்தம் பிறக்கிறது என்று விளக்கினீர்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிந்தாலும் இதே சத்தம் வரும் என்று அதையும் விடாமல் சோதித்தீர்கள். டீசல் கலந்து ஃப்ளஷ் செய்யலாமா என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். மொத்தக் கசடும் பெயர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைத்தால் இன்ஜினே போய்விடும் என்று அவருக்கும் பொறுமையாகச் சொன்னீர்கள்.

பிறகு லிஃப்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எண் எழுதிய முட்டை அட்டையில் வரிசையாக வைத்தீர்கள். எது எங்கே தேய்ந்து பழகியதோ அங்கேயே திரும்ப வேண்டுமே! உள்ளே இருக்கும் சின்னக் குண்டில் பிசின்போல் ஒட்டியிருந்த கறையைக் கழுவி, புது ஆயிலில் முக்கிக் காற்றை வெளியேற்றினீர்கள். மாட்டி முடித்ததும் சாவியைத் தரவில்லை. நிரம்பிய லிஃப்டர் வால்வை மூடவிடாது, கொஞ்சம் கசிந்து இறங்கட்டும் என்று அரை மணி நேரம் உட்காரவைத்தீர்கள்.

ஸ்கேனரை மாட்டாமல், ஸ்குரூடிரைவர் பிடியைக் காதில் வைத்துக் கேட்டே கோளாறு எந்த வால்வில் என்று சொல்லும் வித்தை உங்களிடம் இருக்கிறது. பட்டறைப் பையன்களுக்கும் அதைச் சொல்லித் தருகிறீர்கள். அதற்குத்தான் பெரிய நன்றி.

தை பிறந்ததும் ஆயில் மாற்ற வருகிறேன். வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு உள்ள ஃபில்டரையே, நீங்கள் சொன்னபடி, வாங்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
அஸ்ட்ராக்காரன்