மாண்டவி நதிக் கரையில்

கோவாவுக்குச் செல்கிறவர்கள் பழைய தேவாலயங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நாமும் பார்த்தோம். ஆயினும் நம் மனத்தைக் கவர்ந்தது, பனாஜிக்கு அருகே மாண்டவி நதியின் படித்துறையில் கட்டியிருந்த ஒரு சிறு பாய்ப் படகுதான்.

அதில் முதிய மாலுமி ஒருவர் சுக்கான் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரைகுறை ஹிந்தியில் விசாரித்தோம்.

"பிரேக் தேய்ந்துவிட்டது, ஐயா! மாற்றுகிறேன்" என்றார்.

தண்ணீரில் போகும் படகுக்குப் பிரேக்கா என்று நகைத்தோம். அவரும் நகைத்தார். அது படகை நிறுத்துவதற்கன்று, சக்கரத்தை நிறுத்துவதற்காம்! இரு சிறு கட்டைகள் சக்கரத்தின் அச்சை அழுத்திப் பிடிக்கின்றன. அந்தப் பிடி இல்லாவிடில், நங்கூரமிட்ட படகில் அலையானது சுக்கானை இரு புறமும் வீசி அடிக்கும். கம்பி வடமும் சங்கிலியும் நைந்துபோகும்.

அச்சிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் புதிய கட்டைகளைப் பொருத்தினார். சக்கரத்தை மாட்டித் திருகை இறுக்கினார், சக்கரம் அசையவில்லை. தளர்த்தினார், ஒரு விரலுக்கு இணங்கிச் சுழன்றது.

நாளைய தினம் அவருடைய பேத்தி முதன்முறையாகத் தனியே படகு செலுத்தப் போகிறாளாம்.

இதே நதியிலிருந்துதான் 2017 செப்டம்பர் 10-ந் தேதி நம் கடற்படைப் பெண்மணிகள் அறுவர் கோவாவிலேயே கட்டிய 'தாரிணி'யில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். திரும்பும் வழியில் சுக்கான் பொறி பழுதுபட்டு, மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயி துறைமுகத்தில் ஒதுங்க நேர்ந்தது. பழுதைத் தீர்த்துக்கொண்டு, 2018 மே 21-ந் தேதி வெற்றியுடன் கோவா வந்து சேர்ந்தார்கள்.

தேய்ந்த கட்டைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தோம். அது இப்போது நமது வகுப்பறை மேஜைமீது இருக்கிறது.