இடப்பாளையத்துக்கு முதல் படகு

கம்பம் பள்ளத்தாக்கில் வெயில் மெதுவாகத்தான் வரும். கிழக்கே மேகமலை மறித்து நிற்பதால் மேற்கு மலையின் உச்சிதான் முதலில் மஞ்சளாகும். அந்த மஞ்சள் இறங்கிவந்து கூடலூர் வயலைத் தொடுவதற்குள் ஊர் பாதி வேலையை முடித்திருக்கும். அதற்கு முன்பே லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலைப்பாதையில் ஏறிவிட்டேன். தேக்கடியில் முதல் படகு காலை 7.30-க்கு. ஏரிக்குள் இருக்கும் இடப்பாளையம் அரண்மனையைக் காலை வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும்.

திருவிதாங்கூர் மன்னர்களின் கோடை மாளிகை அது. இப்போது கேரள சுற்றுலாக் கழகம் நடத்தும் ஓட்டல், ஆறே அறைகள். சுற்றியுள்ள காட்டை 1934-இல் சரணாலயமாக அறிவித்தவர் சித்திரைத் திருநாள் மகாராஜா. தங்க வருபவர்களும் படகில்தான் போக வேண்டும்.

படகில் முக்காலிக்கு வேலையில்லை. என்ஜின் அதிர்வு அதன் கால் வழியே கேமராவுக்கு ஏறிவிடும். கையில் பிடித்து, ஷட்டர் வேகத்தை 1/500-க்குக் குறையாமல் வைத்தேன். பனிமூட்டத்தில் மீட்டர் சொல்வதை அப்படியே கேட்டால் படம் சாம்பல் பூத்துவிடும். ஒரு ஸ்டாப் கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக வரும்.

வளைவு திரும்பியதும் மரங்களுக்கிடையே தாழ்ந்த ஓட்டுக்கூரை. பலரும் கட்டடத்தை மட்டும் ஜூமில் இழுத்து, நீரில் நிற்கும் பட்டமரங்களை வெட்டிவிடுவார்கள். எனக்கு அந்த மரங்கள் கட்டாயம் வேண்டும். 1895-இல் பொறியாளர் பென்னிகுக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. அந்த ஏரி இல்லையென்றால் இந்த மாளிகைக்கு இங்கே என்ன வேலை? எங்கள் பள்ளத்தாக்குக்கு இரு போகம் ஏது? இதே தண்ணீர்தான் தேக்கடித் தலைமதகில் நுழைந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தில் ஓடி, நான்கு ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கி, கீழே 14,707 ஏக்கர் நெல்லுக்குப் பாய்கிறது. வரும் வழியில் அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.

அதனால் அகலக்கோண லென்ஸைப் போட்டேன். மேலே சிறிதாகக் கூரை, நடுவில் மரக்கட்டையில் சிறகு விரித்த நீர்க்காகம், மற்றதெல்லாம் தண்ணீர். அரண்மனைப் படம் என்றால் எனக்கு இதுதான்.

கோடையில் போகாதீர்கள்; நீர் வடிந்து கரையில் வெறும் மண்பட்டை தெரியும். உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த 142 அடிக்கு அணை நிரம்பியிருக்கும் ஒரு மழைக்கால முடிவில், அந்தப் பட்டை மூழ்கியிருக்கும்போது, இதே படத்தை மறுபடி எடுக்கப் போகிறேன்.